சாட்சி ஏறும் பேருந்து

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆலங்குளத்தில் இருந்து (தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தைச் சொல்லவில்லை, சிமெண்ட் ஆலை ஆலங்குளத்தைச் சொல்கிறோம்) ஒரு கூலித் தொழிலாளி அங்கே சாட்சி சொல்லப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம் போய், அங்கே வண்டி மாறிப் போக வேண்டும். அன்றைய கூலி போச்சு. போன பிறகு "இன்னிக்கு ஐயா லீவு, அடுத்த வாய்தா" என்று சொன்னால் அடுத்த முறைக் கூலியும் போச்சு. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான். தெரிந்தும் நாம் பேசாத ஒன்று இருக்கிறது. ஜாமீனில் இருக்கும் எதிரிகளும் அதே வாய்தாவுக்குத்தான் போக வேண்டும். காலையில் ஊரில் இருந்து கிளம்பும் பேருந்துகள் எத்தனை என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆக, கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரும் அதைக் கண்ணால் பார்த்தவரும் ஒரே நிறுத்தத்தில் நிற்பார்கள். மிரட்ட வேண்டியதில்லை. "என்னப்பா, கோர்ட்டுக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டால் இன்னும் மோசம்.

நம் சாட்சியச் சட்டம் 1872இல் எழுதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறின, பெயர் இந்தியாக மாறியது. இரண்டு புத்தகத்திலும் சாட்சி என்பவர் கூண்டில் ஏறிய பிறகுதான் பிறக்கிறார். அவர் ஏறி வந்த பேருந்து அந்தப் புத்தகங்களில் இல்லை. சாதி வழக்குகளில் உண்மை சாகிற இடமோ பெரும்பாலும் அந்தப் பேருந்துதான். நீதிமன்றத்தில் நடப்பது அதன் ஈமச்சடங்கு.

'பிறழ் சாட்சி' என்ற சொல்லை நாமும் யோசிக்காமல் எழுதி வருகிறோம். பிறழ்ந்தவர் என்றால் தவறியவர். காவல் துறையிடம் ஒன்று சொன்னார், நீதிமன்றத்தில் வேறொன்று சொன்னார், ஆகவே தவறியவர். ஆனால் காவல் துறையிடம் 'சொன்னதாக' இருக்கும் அந்தத் தாளை எழுதியது யார்? விசாரணை அதிகாரி. அதில் சாட்சியின் கையெழுத்து இருக்காது, இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்த அதிகாரி எந்தத் தெருவில் தேநீர் குடித்துவிட்டு வந்து அதை எழுதினார் என்பதும் அந்தத் தாளில் இருக்காது.

இதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் போக முடியாது. ஒரு வழக்கை எடுத்துப் பார்ப்போம்.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் பொறியியல் படித்தவர், பட்டியலினத்தவர். கண்ணகி வணிகவியல் படித்தவர், வன்னியர். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8ஆம் தேதி இருவரையும் பிடித்து, ஊர்ச் சுடுகாட்டுப் பக்கம் கொண்டுபோய், நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள். ஊர் பார்க்க நடந்தது. முருகேசனின் தந்தை காவல் நிலையத்துக்குப் போனார். புகார் வாங்கவில்லை. செய்தி ஏடுகளில் வெளியாகி, இனி மறைக்க முடியாது என்று ஆன பிறகு, ஜூலை 17ஆம் தேதிதான் முதல் தகவல் அறிக்கை பதிவானது.

அந்த அறிக்கையைத்தான் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். கண்ணகியை அவர் வீட்டார் கொன்றார்கள், முருகேசனை அவர் வீட்டார் கொன்றார்கள் என்று ஒரு கதை. அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் நான்கு பேர். மகனைப் பறிகொடுத்துவிட்டுக் காவல் நிலைய வாசலில் நின்ற தந்தையும் எதிரி ஆனார். 'இரு தரப்பு மோதல்' என்று நம் ஊர்க் காவல் நிலையங்கள் எழுதிப் பழகிய அந்தச் சமநிலை இரட்டைக் கொலையிலும் கடைப்பிடிக்கப்பட்டது. ஆதாரம் இல்லாமல் போனதாக எண்ண வேண்டாம். ஆதாரம் அங்கே உற்பத்தி செய்யப்பட்டது.

2004இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பர் 24. பதினெட்டு ஆண்டுகள். இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் கூண்டேறியவர்களில் பலர் பிறழ்ந்தார்கள். கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, மற்றவர்களுக்கு ஆயுள். அந்த 13 பேரில் இருவர் காவல் துறையினர், அன்றைய ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும். 2022 ஜூனில் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது, இருவரை விடுவித்தது, ஆய்வாளரின் ஆயுள் தண்டனையை இரண்டு ஆண்டாகக் குறைத்தது. உதவி ஆய்வாளரின் ஆயுள் தண்டனை நிலைத்தது. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, முருகேசனின் தந்தைக்கும் சித்திக்கும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது.

ஒரு காவல் அதிகாரி பொய்ச் சாட்சியம் உருவாக்கியதற்காக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனை பெற்றார் என்பதை நம் தோழர்கள் பலர் கவனிக்கவே இல்லை. ஆணவக் கொலையாளிகளுக்குத் தண்டனை என்ற தலைப்பில் அது அடங்கிப்போனது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. பட்டியலினத்தவர் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் அவரைச் சிக்கவைக்கப் பொய்ச் சாட்சியம் புனைந்தால் ஆயுள் தண்டனை. அதனால் ஒரு நிரபராதி தூக்கில் ஏறிவிட்டால் புனைந்தவருக்குத் தூக்கு. 1989இல் இதை எழுதியவர்களுக்கு நம் காவல் நிலையங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கிடைத்த சாட்சியத்தை எடை போடுகிற தராசையும் பார்க்க வேண்டும்.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்து செத்தார்கள். உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதிகளுக்கு வியப்பளித்த விஷயம் ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் மிராசுதார்கள், பெரும் நிலக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் கூலியாட்களை ஏவிவிட்டுத் தாங்கள் பின்னால் இருந்திருப்பார்களே தவிர, தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்டார்கள். அந்த ஐயத்தின் பலன் எதிரிகளுக்குப் போனது. கார் வைத்திருப்பவன் நடக்க மாட்டான் என்பது எந்தச் சாட்சியச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. நீதிபதியின் 'பொது அறிவில்' இருந்தது. 1995இல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி வழக்கில் கீழமை நீதிமன்றம், உயர் சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்கிற வகையில் எழுதியபோதும் இதே பொது அறிவுதான் வேலை செய்தது. தீண்டாமை இருக்கிறது என்பதையே, தீங்கு செய்யவில்லை என்பதற்குச் சான்றாக்கிவிட்டார்கள்.

இந்தப் 'பொது அறிவை' முதலில் கேள்வி கேட்டு ஆட்டியவர்கள் சட்டம் சொல்லிக்கொடுத்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மதுரா என்ற பழங்குடிச் சிறுமி, 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். உடலில் காயம் இல்லை, கூச்சலிடவில்லை, ஆகவே இசைந்திருக்கிறார் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர்களை விடுவித்தது. அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகிய நான்கு சட்ட அறிஞர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவதும் இசைவதும் ஒன்றா, காவல் நிலையத்தின் இருட்டில் ஒரு ஏழைப் பெண் கத்தாமல் இருந்தது எதற்குச் சான்று என்று கேட்டார்கள். பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ வந்தது. காவலில் நடந்த வல்லுறவில் உறவு நிரூபிக்கப்பட்டு, தான் இசையவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால், இசையவில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ஒரு மடல், நான்கு கையெழுத்து, ஒரு மக்கள் இயக்கம், ஒரு சட்டத் திருத்தம். சட்டக் கல்லூரியில் படிக்கும் தோழர்கள் 'தீர்ப்பை விமர்சிக்கலாமா' என்று தயங்கும்போதெல்லாம் நாம் இதை நினைவுபடுத்துவது வழக்கம்.

சாதி வழக்குகளில் அப்படியொரு அனுமானம் 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 'பட்டியலினத்தவர் என்ற காரணத்தால்' செய்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. காரணத்தை யார் எழுதி வைத்துவிட்டுச் செய்கிறார்கள்? ஆந்திரத்தில் பார்வையற்ற பட்டியலினப் பெண் ஒருவர் 2011இல் வல்லுறவுக்கு ஆளான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021இல் ஒரு தீர்ப்பு தந்தது. சாதி, பாலினம், ஊனம் மூன்றும் ஒருவர் உடலில் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன என்று அருமையாக விளக்கியது. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. பிறகு, சாதியின் காரணமாக நடந்தது என்பதற்குத் தனிச் சான்று இல்லை என்று வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை மட்டும் நீக்கியது. பின்னிக் கிடப்பதில் இருந்து ஒரு இழையைத் தனியே உருவிக் காட்டச் சொன்னால் எப்படிக் காட்டுவது? இப்போது சட்டம் 'தெரிந்தே' என்று மாறியிருக்கிறது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ எதிரி அறிந்தவர் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். தெரியாது என்றால் அதை எதிரிதான் நிரூபிக்க வேண்டும். நம் ஊரில் பெயர் கேட்பதற்கு முன்பே தெரு கேட்பவர்களுக்கு இது பெரிய சுமை ஒன்றும் இல்லை.

மனிதர்கள் பயந்து பிறழும்போது இயந்திரம் சாட்சி சொன்ன வழக்கும் நம்மிடம் இருக்கிறது. 2015 ஜூன் 23. திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில். ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜும் அவருடைய தோழியும் உள்ளே போனது கோயிலின் கேமராவில் பதிவானது. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் உடல் கிடந்தது. பையில் தற்கொலைக் குறிப்பு. கைபேசியில் அவரே பேசிய காணொளி. இரண்டும் மிரட்டி வாங்கப்பட்டவை. கொலை செய்பவர்களும் சாட்சியச் சட்டம் படித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தண்டவாளத்தில் போட்டால் தற்கொலை, கையெழுத்து இருந்தால் உறுதி.

உடன் இருந்த அந்தத் தோழி முதலில் நீதித் துறை நடுவரிடம் வாக்குமூலம் தந்தார். விசாரணையில் மறுத்தார். நாமக்கல்லில் நியாயமாக நடக்காது என்று கோகுல்ராஜின் தாய் சித்ரா போராடி, வழக்கை மதுரைக்கு மாற்ற வைத்தார். சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா. மோகன் நடத்தினார். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்குத் தண்டனை, ஐந்து பேர் விடுதலை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தோழியை மீண்டும் அழைத்தது. பதிவைத் திரையில் ஓட்டிக் காட்டிக் கேட்டபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார். நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் தாங்களே திருச்செங்கோட்டுக்குப் போய்க் கோயிலைப் பார்த்தார்கள், கேமராக் கோணங்களைப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2ஆம் தேதி தண்டனையை உறுதி செய்தார்கள். இருவருக்கு மட்டும் ஐந்தாண்டாகக் குறைந்தது. நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்து இடத்தைப் போய்ப் பார்த்தால் சாட்சியம் வேறு மாதிரி தெரிகிறது.

அந்தப் பெண் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கப்பட்டபோது நம் பக்கத்தில் பலர் கைதட்டினார்கள். நாம் தட்டவில்லை. அவர் சொன்னது பொய்தான். ஆனால் அவர் திரும்பிப் போக வேண்டிய வீடும் தெருவும் சாதிச் சங்கமும் எவை என்று நினைத்துப் பாருங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் பயப்படுவதைவிட ஒருவர் தன் தெருவுக்கு அதிகம் பயப்படுகிறார் என்றால், அவமதிப்புக்கு உள்ளாகியிருப்பது நீதிமன்றம்தான். ஆனால் அவமதித்தவர் அந்தப் பெண் இல்லை.

கேமரா எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்புவதும் வேண்டாம். மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், முன்பு 65பி, இப்போது 63. கருவி யாருடையது, பதிவை எடுத்தது யார், மாற்றம் செய்யப்படவில்லை என்பதற்கு என்ன உறுதி என்று எழுதித் தர வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் கேமரா எங்கே இருக்கிறது? கோயிலில், நகைக்கடையில், ஆலை வாசலில். காலனிக்குப் போகும் பாதையில் இல்லை, கண்மாய்க்கரையில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. பதிவின் சாவி யார் கையில் இருக்கிறது, எத்தனை நாளில் அது தானாக அழியும், அதற்குள் காவல் துறை போய் எடுத்ததா என்பதெல்லாம் பழைய கேள்விகள்தான், புதிய கருவியில்.

விடுதலைத் தீர்ப்பு வரும் ஒவ்வொரு முறையும் நம் இளைஞர்களின் பதிவுகளில் ஒரு கோபம் பார்க்கிறோம். எதற்கு இத்தனை ஆதாரம், எதற்கு இந்த ஐயத்தின் பலன், என்கவுன்டரில் போட்டுத் தள்ள வேண்டியதுதானே என்கிறார்கள். 2019இல் ஹைதராபாத்தில் நான்கு பேரைக் காவல் துறை சுட்டபோது பூத்தூவியவர்களில் நம் மேடைகளில் பேசியவர்களும் இருந்தார்கள். கோபம் புரிகிறது. ஆனால் புதுக்கூரைப்பேட்டையை மறக்கக் கூடாது. அன்று காவல் துறை கையில் எடுத்த முதல் பட்டியலை வைத்து 'உடனடி நீதி' வழங்கியிருந்தால் முருகேசனின் தந்தையும் அதில் இருந்திருப்பார். நிரபராதி ஒருவர் தண்டிக்கப்படுவதைவிடக் குற்றவாளிகள் தப்புவது மேல் என்று சொன்ன பிளாக்ஸ்டோன் பத்துக் குற்றவாளிகளைத்தான் கணக்கில் வைத்தார். நம் சினிமா அதை ஆயிரமாக்கி, வில்லனின் வழக்கறிஞர் வாயில் வைத்துக் கேலியாக்கிவிட்டது. ஆனால் இந்திய சிறைகளில் பட்டியலினத்தவர் எண்ணிக்கை மக்கள்தொகையில் அவர்கள் பங்கைவிடக் கூடுதல் என்பதை ஆண்டுதோறும் வரும் அரசு அறிக்கையே சொல்கிறது. காவல் துறையிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதி, ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற விதி, இவை இல்லாமல் போனால் முதலில் அடிபடும் முதுகுகள் யாருடையவை? 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவிடமும் ஒரு திருட்டை 'ஒப்புக்கொள்ள'த்தான் சொன்னார்கள்.

எனவே ஆதாரத்தின் அளவைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. அதைத் திரட்டுகிற கையையும் சொல்லுகிற வாயையும் பற்றித்தான் கேட்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் மிரட்டலில் இருந்து காக்கும் கடமையை அரசின் மீது வைக்கிறது. விசாரணை நடவடிக்கைகளைக் காணொளியில் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. எந்த ஊர் நீதிமன்றத்தில் இது ஒழுங்காக நடக்கிறது என்று உங்கள் மாவட்டத்தில் போய்ப் பாருங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதற்கும் சட்டமாக்கிய சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அச்சுறுத்தல் உண்மையா என்று அறிக்கை தர வேண்டியவர் அந்த உட்கோட்டத்தின் காவல் அதிகாரி. திரும்பவும் அதே தேநீர்க் கடை. இதை மாற்றச் சொல்லிக் கேட்க நமக்கு இன்னும் நான்கு பேர் மடல் எழுதவில்லை.

மாற்றம் வரும்வரை கையில் இருப்பதையாவது எடுத்துப் பயன்படுத்தலாம். 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆவது விதி என்று ஒன்று உண்டு. பெரிய வழக்கறிஞர்கள் அதைப் பேசுவதில்லை, பேருந்துக் கட்டணம் பற்றிய விதி என்பதால் இருக்கலாம். வன்கொடுமை வழக்கில் விசாரணைக்கோ நீதிமன்றத்துக்கோ வரும் சாட்சிக்குப் போக்குவரத்துச் செலவை அரசு தர வேண்டும். அன்றைய நாளுக்கு, விவசாயத் தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படி தர வேண்டும். உடனடியாக, அல்லது மூன்று நாட்களுக்குள் தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் கூட வேண்டிய விழிப்புணர்வு கண்காணிப்புக் குழுவில், கடந்த காலாண்டில் எத்தனை சாட்சிகளுக்கு இந்தப் படி வழங்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். பத்து ரூபாய் செலவு.

அந்த விதியில் இன்னொன்றும் இருக்கிறது. சாட்சி பெண்ணாக இருந்தால், அறுபது வயதைத் தாண்டியவராக இருந்தால், சிறுவராகவோ மாற்றுத்திறனாளியாகவோ இருந்தால், தான் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். அந்தத் துணைக்கும் செலவை அரசே தர வேண்டும். துணை உறவினராக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆலங்குளம் நிறுத்தத்தில் காலை வண்டிக்கு நிற்கும் ஒரு அம்மாவின் பக்கத்தில், எதிரிகள் ஏறும் அதே பேருந்தில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய் வர ஒரு நாள் ஒதுக்கக்கூடிய எவரும் அந்தத் துணையாக இருக்கலாம்.